என் வீட்டுக்காரரும் அவருடைய பழைய காரும்

ஐம்பத்தைந்தாம் வருஷம், தை மாதம். கெலமங்கலத்தைத் தாண்டி ராயக்கோட்டைக்குப் போகிற ரோட்டில், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வைக்கோல் போருக்குள் காரோடு போய்ச் செருகிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. என் தலை, மடி, கழுத்து எல்லாம் சாமந்திப்பூ. அந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகிற வழியில் இருக்கிறது. கேழ்வரகு, அவரை, கொள்ளு, நாலு மாடு என்று விவசாயக் குடும்பம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் என் வீட்டுக்காரர் பெங்களூருக்கு ஏர்க்கொழு வாங்கப் போனார். திரும்பி வரும்போது கொழுவைக் காணோம், கார் இருந்தது. ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு துரையிடம் வாங்கினாராம். எங்கள் கல்யாணத்துக்கும் முன்னால் செய்த கார் அது. மேலே கித்தான் கூரை, மர ஆரக்கால் வைத்த சக்கரம், முன்னால் குடம் மாதிரி இரண்டு பித்தளை விளக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்து ஓர் ஊருக்குப் போகலாம் என்று நினைக்கக் கூடாது.

ஆசைக்கு ஒன்று வாங்கினார், சரி. அதற்கு உதிரி சாமான் வேண்டும் என்று அதே ஜாதியில் ஓடாத கார் இன்னொன்றையும் கொண்டுவந்து சேர்த்தார். மாட்டுக் கொட்டகையில் பாதி இடம் போயிற்று. மழைக்காலத்தில் கன்றுக்குட்டி வெளியே நனையும். கார்கள் உள்ளே சுகமாக நிற்கும். என் வெண்கலப் பானை ஒரு தடவை காணாமல் போனது. பொங்கலுக்கு முந்தின நாள் தேடிக்கொண்டு போனால், அதில் மண்ணெண்ணெய் ஊற்றி ஏதோ பல்சக்கரங்களை ஊறப்போட்டு வைத்திருக்கிறார். என் நூல் சேலை கொஞ்சம் நைந்தால் போதும், மறுநாள் அது எண்ணெய்த் துணியாகிக் காரின் வயிற்றுக்குக் கீழே கிடக்கும்.

யாராவது அவரிடம், "இப்பத்தான் புதுசு புதுசா கார் வருதே, இத தள்ளிட்டு ஒண்ணு வாங்கலாமே" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "புதுக் கார்ல என்னா இருக்குது? அது பாட்டுக்கு ஓடும். அப்பறம் நாம என்னாத்துக்கு?" என்பார்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவருக்கு அதில் இருந்த ஆசையைப் பார்க்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கும். இன்ஜின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் என்றால் குழந்தை இருமியதுபோல ஓடுவார். ஒரு திருகாணி மண்ணில் விழுந்துவிட்டால், சல்லடை கேட்டு வாங்கி மண்ணைச் சலிப்பார். ஆனால் ஆச்சரியப்பட்டுக்கொண்டே நான் அடுப்பையும் மாட்டையும் பார்க்க முடியுமா? அதனால் சண்டை போட்டேன். அந்தக் காரை விற்கச் சொல்லி நான் போட்ட சண்டைகள் எத்தனையோ. ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை.

அவருக்கு ஐம்பது தாண்டிய பிறகு சில மாற்றங்களைப் பார்த்தேன். காருக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார். சின்னச் சின்னச் சாமான்களைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். திருகாணி விழுந்தால் "போவுட்டும்" என்று கம்பியைச் சுற்றிக் கட்டினார். பெங்களூருக்குப் போனால் பழைய இரும்புக் கடைப் பக்கமே போகாமல், முட்டைக்கோசு விதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காரின் மேல் தூசி படிந்தது.

நான் என்ன செய்தேன்? சும்மா இருந்திருக்கலாம். "என்னங்க, உங்க சீமாட்டி மேல ஒரு வெரலு தூசி கெடக்குது?" என்று குத்திக் காட்டினேன். உடனே துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்தார். "பாத்தியா, இன்னிக்கும் எப்பிடி மின்னுது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அது வெறும் சோம்பேறித்தனமாகத்தான் பட்டது.

என் தங்கையை ராயக்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தது. அந்தத் தை மாதம் அவள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறார்கள். மூத்தவள் நான் போய்த்தான் தட்டு எடுத்து வைக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் நல்ல நேரம் முடிந்துவிடும், முன்னாலேயே வந்து சேர்ந்துவிடு என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கம் ரயிலும் கிடையாது. முன்பு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையே யுத்த காலத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் சாயங்காலம்தான்.

அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே போய்ச் சொன்னேன்: "இன்னிக்கி பஸ்ல போயிடலாங்க. நல்ல காரியம். உங்க வண்டிய நம்பி எறங்க வேணாம்."

அவர் முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வீட்ல கார வெச்சிக்கிட்டு பஸ்ல போயி எறங்கினா சம்பந்திக்காரங்க என்னா நெனப்பாங்க? கார்லதான் போறம்."

"வழியில நின்னுட்டா?"

"எதுக்கு நிக்கிது? நான் ஒருத்தன் இல்ல?"

பெண்ணுக்கு எடுத்த பட்டுச்சேலை, தட்டு, பழம், தளி தோட்டத்திலிருந்து வரவழைத்த ஒரு கூடைச் சாமந்திப்பூ எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினோம். பனி விலகாத குளிர். அவர் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது கிளம்பவில்லை. மறுபடியும் சுற்றினார். மூச்சு வாங்கியது. கடைசியில் மனசு வந்து அது கிளம்பியபோது வெயில் வந்துவிட்டது. கெலமங்கலத்துக்கு முன்னால் ஒரு தடவை ரேடியேட்டரில் புகை வந்து நின்றோம். கிணற்றைத் தேடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். அப்போது நாங்கள் போயிருக்க வேண்டிய அந்தப் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. உள்ளேயிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சிரித்த முகமாகக் கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கெலமங்கலம் தாண்டி ஒரு மேட்டில் இரண்டாவது தடவையாக நின்றது. அக்கம் பக்கத்தில் ஊர் இல்லை. இரண்டு பக்கமும் அறுத்த கேழ்வரகுக் காடு. அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். திறந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதிரி அவர் நின்று நான் பார்த்ததில்லை. "நேரமாவுது" என்று கத்தினேன். பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி அழுக்கைத் துப்பினார். மாட்டினார். ஹாண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

அந்தக் காலத்துக் கார்களில் ஸ்டியரிங்குக்கு நடுவில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் ஹாண்டிலைச் சுற்ற வேண்டும். தள்ளாமல் சுற்றினால் ஹாண்டில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடிக்கும். கார் வாங்கிய நாள் முதல் அவர் அதை மறந்ததே கிடையாது. அன்றைக்கு மறந்துவிட்டார்.

ஹாண்டில் ஒரே ஒரு தடவை திருப்பி அடித்தது. "அம்மா" என்று ஒரு சத்தம். நான் இறங்கி ஓடிப் போனால், வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. பார்க்கப் பார்க்க வீங்கியது.

அவர் தோள் துண்டை மடித்துக் கழுத்தில் தூளி மாதிரி கட்டி, அவர் கையை அதில் போட்டேன். ராயக்கோட்டைக்குப் போனால் டாக்டர் உண்டு. எப்படிப் போவது? கண்ணுக்கு எட்டியவரை ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. இவருக்கு முகம் வெளுத்து நெற்றியில் வேர்வை ஓடியது.

"ஹாண்டில நான் சுத்தறன்" என்றேன்.

"உன்னால ஆவாது."

"அப்ப நீங்களே சுத்துங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு ஹாண்டிலைக் காட்டி, "கட்ட வெரல மத்த வெரலோட சேத்து வெய்யி. மடக்கிப் புடிக்காத. கீழயிருந்து மேல இழு, மேலயிருந்து கீழ அமுக்காத" என்றார்.

அவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, அந்த நெம்புகோலைத் தள்ளிவிட்டாரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றினேன். களை பறித்து, தண்ணீர் சேந்தி, கேழ்வரகு திரித்த கை. முதல் தடவை தோள்பட்டை பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. இரண்டாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காரிடம் சந்தோஷப்படுவதா என்று எனக்கே கோபம் வந்தது.

இடது கையால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். காலால் கிளட்சையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டார். கியர் கம்பு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதை மாற்ற வேண்டியது நான்.

"இப்பத் தள்ளு" என்பார். நான் தள்ளுவேன். இரும்பை ரம்பத்தால் அறுப்பது மாதிரி ஒரு சத்தம் வரும்.

"அப்பறம் தள்ளாத! நான் சொல்லச்சொல்லவே தள்ளு."

"சொன்னதுக்கு அப்பறந்தான தள்ள முடியும்?"

"சத்தத்தக் கேட்டுத் தள்ளு."

"நீங்க கத்தற சத்தத்தில எந்தச் சத்தத்தக் கேக்கறது?"

இப்படியே போனோம். கை முறிந்த மனுஷரோடு சண்டை போடுகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கும் அது ஒரு தெம்பாக இருந்ததோ என்னவோ, பேசிக்கொண்டிருந்தவரை நன்றாகத்தான் ஓட்டினார்.

ராயக்கோட்டைக்குக் கிட்டத்தில் ரோடு இறக்கத்தில் திரும்பியது. "நியூட்ரல்ல போடு, அது பாட்டுக்கு எறங்கும்" என்றார். இறக்கம் வந்தால் கியரை எடுத்துவிட்டுச் சும்மா உருளவிடுவது அவர் பழக்கம். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்ல நேரமில்லை, எடுத்துவிட்டேன். கார் உருள ஆரம்பித்தது.

இறக்கத்தின் அடியில் ஏழெட்டு வீடு இருந்த ஓர் ஊர். அங்கே ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறியே காய் உடைந்துவிடும். நாலைந்து பெண்கள் குச்சியால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"பிரேக்கப் புடிங்க" என்றேன்.

அவர் தலை மெதுவாக என் தோளில் சாய்ந்தது. என்னவோ ரகசியம் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். கண் செருகியிருந்தது. கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

நான் கத்தினேன். அந்தப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிதறி ஓடினார்கள். நடுவிலிருந்த கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். சக்கரம் பிடித்தது, ஆனால் கொள்ளுச் செடியின் மேல் கார் எண்ணெயில் வழுக்குவதுபோல வழுக்கிக்கொண்டே போயிற்று. வலது பக்கம் ஒரு குட்டை, அதில் எருமைகள். இடது பக்கம் வீட்டு உயரத்துக்கு ஒரு வைக்கோல் போர். யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கமாக, என் மார்பு வரைக்கும் இழுத்தேன்.

ஒரு பெரிய தலையணைக்குள் போய் விழுந்தது மாதிரி இருந்தது. பின்னாலிருந்த பூக்கூடை பறந்து வந்து என் தலையில் கவிழ்ந்தது. வைக்கோல் சரிந்து பானெட்டை மூடியது. அதற்கு உள்ளேயிருந்து இன்ஜின் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல டுப் டுப் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் குலுக்கலில் அவர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். "வைக்கல்ல நெருப்புப் புடிச்சிக்கும். சுவிச்ச நிறுத்து" என்றார்.

எனக்கு அப்போது அந்த ஒரு நினைப்புத்தான். "நிறுத்திட்டா? அப்பறம் யாரு ஹாண்டில் சுத்தறது? இனிமே என்னால ஆவாது."

"யாரும் சுத்த வேணாம்" என்றார். "நிறுத்திடு. போதும்."

நிறுத்தினேன். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

ஓடிப்போன பெண்கள் திரும்பி வந்தார்கள். போருக்குச் சொந்தக்காரி, என் வயசு இருக்கும், முதலில் கன்னடத்தில் "அய்யோ, நம்ம ஹுருளி!" என்று தன் கொள்ளுக்காகத்தான் அலறிக்கொண்டு வந்தாள். இவர் கையைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "ஏனாய்த்தம்மா? கை முரிதோய்த்தா?" என்று கேட்டுக்கொண்டே, இவரைத் தோளைப் பிடித்து இறக்கிப் புங்க மரத்து நிழலில் உட்காரவைத்தாள். சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததை நானும் கன்னடத்திலேயே சொன்னேன். அவள் புருஷன் கேட்டதும் உடனே வண்டி கட்டப் போனார். அவர்கள் போரைப் பாதி கலைத்து, ரோட்டில் கிடந்த கொள்ளை நாலாபக்கமும் சிதறடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு மோரும் வண்டியும்!

அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் சொன்னார்: "பஸ்ல வந்திருக்கலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "அதத்தான காலையில தல தலயா அடிச்சிக்கிட்டன்!"

"நானும் காலையில எந்திரிச்சதும் பஸ்ல போலாம்னுதான் நெனச்சன்."

"அப்பறம்?"

"நீ முந்திக்கிட்ட."

அவர் மோரைக் குடித்துவிட்டு, காரைப் பார்க்காமல் குட்டையில் கிடந்த எருமைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இது எனக்கு அலுத்துப்போயி ரெண்டு வருசமாச்சி. கண்ணு சரியாத் தெரியல, முட்டி மடங்கல, அதெல்லாங்கூட பரவால்ல. ஆசையே இல்ல. பானெட்டத் தெறந்தா எப்படா மூடுவம்னு இருக்குது. முன்னல்லாம் அது நின்னா, என்னாவா இருக்கும்னு கையி துறுதுறுன்னு இருக்கும். இப்ப நின்னா, நின்னுடுச்சேன்னுதான் இருக்குது."

"அத சொல்லித் தொலைக்கறதுதான?"

"எப்பிடிச் சொல்றது? இத்தன வருசம் உன்கிட்ட சண்ட போட்டு வெச்சிருந்தன். நானே வந்து வேணாம்னா, மொதல்லயிருந்து நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடாது?"

கேளுங்கள் இந்த அநியாயத்தை! இரண்டு வருஷமாக எனக்கும் அது வேண்டாம், அவருக்கும் அது வேண்டாம். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒன்றுக்கு எண்ணெய் ஊற்றி, துடைத்து, கொட்டகையில் இடம் கொடுத்து, கடைசியில் கையையும் உடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். நான் விற்கச் சொல்லிச் சொல்லியே அவரை விற்க முடியாமல் செய்திருக்கிறேன். அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே அதைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மோர்ச் சொம்பை வாங்க வந்த அந்த அம்மாளுக்குத் தமிழ் புரியவில்லை. அடிபட்ட புருஷனைப் போட்டு ஒருத்தி இப்படித் திட்டுகிறாளே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. "பாப, பைபேடம்மா" என்று என் கையைப் பிடித்தாள். பாவம், திட்டாதே என்கிறாள். அவளுக்கு நான் எதை விளக்குவது? இவரோ அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

அவர்கள் வண்டியிலேயே ராயக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். இவரை டாக்டரிடம் விட்டுவிட்டு, தலையில் ஒட்டிய வைக்கோலோடு தங்கை வீட்டுக்கு ஓடினேன். நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் இருந்தது. வீட்டில் இருந்த தட்டையும் பழத்தையும் வைத்து அவர்களே ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். தங்கை என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. பிறகு இவர் பலகை வைத்துக் கட்டிய கையோடு பந்தியில் வந்து உட்கார்ந்தார். சம்பந்திக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "எறங்கும்போது வழுக்கிடுச்சிங்க" என்று மட்டும் சொன்னார். அது பொய்யும் இல்லை.

காரை வேறொரு நாள் மாடு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டோம். போன கொள்ளுக்கும் கலைந்த போருக்கும் அந்தக் குடும்பத்தாரிடம் போய் வேண்டிய ஏற்பாடு செய்துவிட்டு வந்தோம். இவருக்குக் கை கூடியது. மறுபடி பானெட்டைத் திறக்கவே இல்லை.

இனி விற்றுவிடுவார் என்று நினைத்தேன். விற்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த மாதங்களில் நான் என் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததைப்போல ஒரு கஷ்டமான வேலையை என் வாழ்க்கையில் செய்ததில்லை. கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். சாணியை அள்ளிக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். அவரும் ஒரு நாள் காரைச் சுற்றி வந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு தடவை என் தங்கை வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இன்னுமா மாமா இத வெச்சிருக்கீங்க? மொதல்ல வித்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் இறுகுவதைக் கண்ணால் பார்த்தேன். "எதுக்கு விக்கணும்? ஒரு பெல்ட்டு மாத்தினா ஓடும்" என்றார். தங்கையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் நான் கொடுத்த கொடுப்பில், எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. காரியம் இன்னும் கொஞ்ச மாதம் தள்ளிப்போயிற்று.

பிறகு ஒரு நாள் களி தின்றுகொண்டிருந்தவர், குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார்: "தளியில தோட்டம் வெச்சிருக்கற ஒருத்தன், கெணத்துல தண்ணி எறைக்க அந்த இன்ஜினக் கேக்கறான். ரெண்டு வண்டியையும் சேத்தே குடுத்துடலாமா?"

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. "உங்க வண்டி. உங்க இஷ்டம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். துணிச்சலாக இன்னொன்றும் சொன்னேன்: "அவசரம் ஒண்ணுமில்ல. யோசிச்சிச் செய்யுங்க."

"இல்ல, குடுத்துடறன்" என்றார். இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கார்கள் போன அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார். நான்தான் கொட்டகையில் போய் நின்றேன். இத்தனை வருஷம் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. கன்றுக்குட்டியை இழுத்துவந்து கட்டினேன். நினைத்திருந்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

போன மாதம் தளிக்குப் பஸ்ஸில் போனோம். வழியில் அந்தத் தோட்டம். ஆள் ஏற பஸ் நின்றபோது, கிணற்று மேட்டில் எங்கள் பழைய இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு அடி அடித்து ஒரு அடி விட்டு விட்டு ஓடியது. நான் அவர் விலாவில் இடித்தேன்.

"ஏங்க, கேக்குதா? ஒரு பிளக்கு அடிக்கல."

அவர் மடியிலிருந்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, "அது அவன் பாடு" என்றார். எனக்கும் நாலு கடலை கொடுத்தார்.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றால், மறுபக்கத்திலிருந்து நான் எவ்வளவு பலமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எல்லா நேரமும் வாயைக் கட்ட முடிகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கையை எடுத்தால், அவர்களும் அதைத் தாங்களாகவே கீழே வைக்கத்தான் காத்திருப்பார்களோ என்ற எண்ணம், அந்தப் புங்க மரத்து நிழலுக்குப் பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.